விளக்கு எரிகிறது, ஆனால் கணினிக்குத் தெரியவில்லை

"சேர், போர்டு செத்துப்போய்விட்டது." செயற்றிட்டம் ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது திருகோணமலையின் உயர்தரத் தொழினுட்ப வகுப்புகளில் இந்த வாக்கியம் அடிக்கடி காதில் விழும். வயலுக்குத் தானாகவே நீர் பாய்ச்சும் கருவி, தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கருவி என எதைச் செய்தாலும் அதன் நடுவில், நிரல் ஏற்றி இயக்கும் சிறிய மின்சுற்றுப் பலகையான ஓர் ஆர்டுயினோ அல்லது ஈஎஸ்பி 32 போர்டு இருக்கும். அதைக் கணினியுடன் இணைப்பது ஒரேயொரு யூஎஸ்பி கேபிள். போர்டில் விளக்கு எரிகிறது. கணினியோ யாரும் வந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. உடனே மரணச் சான்றிதழ் எழுதப்பட்டுவிடுகிறது.

உண்மையில் செத்துப்போகும் போர்டுகள் மிகக் குறைவு. கேபிள், மின்சாரம், டிரைவர் (சாதனத்தோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருள்), பதிவேற்றம் (எழுதிய நிரலைப் போர்டில் ஏற்றுவது) என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு கோளாறுகள் வெளியே ஒரே முகத்தைக் காட்டுகின்றன என்பதுதான் இங்குள்ள சிக்கல். எது என்று பிரித்துப் பார்க்காமல் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுவது, கணினியை அணைத்து எழுப்புவது, ஆர்டுயினோ மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடுவது என்று கைக்கு வந்த வைத்தியத்தையெல்லாம் செய்வதில் ஒரு முழு மாலை போய்விடும். போர்டுக்கும் கணினிக்கும் இடையிலான பேச்சு எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் கேட்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தப் பேச்சு எப்படித் தொடங்குகிறது என்று பார்ப்போம். யூஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. 2000ஆம் ஆண்டில் வந்த 2.0 பதிப்பும் அதே நான்கு கம்பிகளைத்தான் வைத்துக்கொண்டது. நம் கைக்கு வரும் போர்டுகள் இன்றும் அவற்றில்தான் பேசுகின்றன. சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு தரை (கிரவுண்ட்), பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. எதுவும் செருகப்படாதபோது கணினி தன் பக்கத்திலுள்ள 15 கிலோஓம் தடைகள் வழியாக இரு தரவுக் கம்பிகளையும் தரைமட்டத்தில் வைத்திருக்கும். போர்டைச் செருகினால், அதிலுள்ள 1.5 கிலோஓம் தடை பச்சைக் கம்பியை 3.3 வோல்ட்டுக்கு மேலே இழுக்கும். கணினிக்கு "ஆள் வந்திருக்கிறது" என்ற செய்தி அதுதான். சிவப்புக் கம்பியில் மின்சாரம் ஓடுவதும் போர்டின் விளக்கு எரிவதும் அந்தச் செய்தியில் சேர்த்தி இல்லை.

அதன் பிறகு நடப்பது ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் நடப்பதுதான். துண்டு எடுக்கும்வரை எல்லாரும் இலக்கம் இல்லாதவர்கள். புதிதாக வந்த சாதனத்தைக் கணினி ஒருமுறை மீளமைத்து, பூச்சிய முகவரியில் கூப்பிட்டு, அதன் விவரத் தாளைக் கேட்கும். பதில் வந்தால் 1 முதல் 127 வரையுள்ள ஓர் இலக்கத்தைக் கொடுத்து, தயாரிப்பாளர் எண், பொருள் எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கும். அந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டே இயங்குதளம் பொருத்தமான டிரைவரைத் தேடுகிறது. டிரைவர் கிடைத்த பின்னரே ஆர்டுயினோ மென்பொருளின் பட்டியலில் 'காம் 5', 'காம் 7' என்று ஏதாவது தோன்றும். போர்டோடு பேசும் வழிக்குக் கணினி இடும் எண் அது.

விண்டோஸ் கணினியில் இந்தக் கட்டங்களைப் பிரித்தறியக் காதே போதும். ஒலியைக் கூட்டி வைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். சத்தமே இல்லையென்றால் தரவுக் கம்பி மேலே இழுக்கப்படவே இல்லை. கேபிளையும் சாக்கெட்டையும் பாருங்கள், டிரைவரின் பக்கம் போகவே வேண்டாம். சத்தம் வந்தும் காம் எண் வரவில்லையென்றால் அறிமுகப் பேச்சு பாதியில் நின்றிருக்கிறது, அல்லது டிரைவர் இல்லை. இணைந்த சத்தமும் துண்டித்த சத்தமும் மாறிமாறி வந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். காம் எண் ஒழுங்காக வந்த பின்னும் பதிவேற்றம் தோற்றால் யூஎஸ்பி தன் வேலையை முடித்துவிட்டது. கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது.

சத்தமே வராத நிலைக்கு முதற்காரணம் கேபிள். சார்ஜ் செய்வதற்கு மட்டும் செய்யப்பட்ட கேபிள்கள் வெளித்தோற்றத்தில் மற்றவற்றைப் போலவேதான் இருக்கும். பழுதான அப்படியொரு கேபிளை நடுவில் வெட்டி, கறுப்பு உறையைப் பிளேடால் கீறிப் பார்த்தால் உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருக்கும். பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை, சுற்றியிருக்க வேண்டிய வெள்ளித்தாளும் இல்லை. பவர் பாங்க், காதுக்கருவி, கை மின்விசிறி போன்றவற்றோடு இலவசமாக வரும் கேபிள்களில் இந்த வகை அதிகம். கடையில் "அண்ணை, இது டேட்டா போகும் கேபிளா?" என்று கேட்டால் "எல்லாம் போகும் தம்பி" என்ற பதிலே கிடைக்கும். அதை நம்ப வேண்டாம். கைபேசியை அந்தக் கேபிளால் கணினியுடன் இணைத்து, படங்களின் கோப்புறை திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் நான்கு கம்பிகளும் உயிரோடு இருக்கின்றன. சார்ஜ் மட்டும் ஏறினால், கைபேசியின் திரையில் கோப்புப் பரிமாற்றத்தைத் தெரிவுசெய்து இன்னொருமுறை பார்த்துவிட்டு, அப்போதும் திறக்காவிட்டால் அந்தக் கேபிளில் ஒரு முடிச்சுப் போட்டுத் தனியே வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அதுவே திரும்பவும் கைக்கு வரும்.

நல்ல கேபிளாக இருந்தும் அதே நிலை வரலாம். கணினியில் செருகும் தட்டையான யூஎஸ்பி பிளக்கின் உள்ளே பார்த்தால் நான்கு தகடுகளில் ஓரத்திலுள்ள இரண்டும் நடுவிலுள்ள இரண்டைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். ஓரத்துத் தகடுகள் மின்சாரத்துக்கானவை. செருகும்போது முதலில் மின்சாரம் சேர வேண்டும், பிறகுதான் தரவு சேர வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். தளர்ந்துபோன சாக்கெட்டில் பிளக் முழுதாக இறங்காமல் நின்றால் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் வில்லன். விளக்கு எரியும், பேச்சு நடக்காது. மேசைக் கணினியின் முன்பக்கச் சாக்கெட்டை விட்டு, மதர்போர்டில் நேரடியாக இருக்கும் பின்பக்கச் சாக்கெட்டில் செருகினால் இப்படிப்பட்ட பல கோளாறுகள் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

கடற்கரையோர ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஜன்னல் திறந்திருக்கும் அறையில் மாதக்கணக்காகக் கிடந்த போர்டின் சாக்கெட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், தகரப் பெட்டியின் விளிம்பில் பழுப்புக் கறையும், செப்பு தெரியும் இடங்களில் பச்சைக் களிம்பும் தெரியும். உப்புக் காற்றும் மாரிக்கால ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஐசோபுரொப்பைல் அல்கஹாலில் தோய்த்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். அரத்தாளால் தேய்க்க வேண்டாம். தகடுகளின் மேலுள்ள உலோகப் பூச்சு மிக மெல்லியது, அது போனால் களிம்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போர்டுகளை வைப்பது செலவில்லாத காப்புறுதி.

இனி மின்சாரம். யூஎஸ்பி 2.0 விதிப்படி, அறிமுகப் பேச்சு முடியும்வரை ஒரு சாதனம் 100 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. முடிந்த பின் 500 வரை எடுக்கலாம். ஆர்டுயினோ ஊனோவில் இந்த எல்லைக்காகவே தானாக மீளும் ஒரு ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள். நீர்ப்பாசனச் செயற்றிட்டங்களில் மாணவர்கள் செய்யும் வழக்கமான காரியம், சிறிய நீர்ப்பம்பை போர்டின் 5 வோல்ட் முனையிலிருந்தே ஓட்டுவது. பம்ப் சுழலத் தொடங்கும் கணத்தில் அது இழுக்கும் மின்னோட்டத்தில் வோல்ட்டேஜ் சரிந்து, போர்டு மீளத் தொடங்கி, கணினியின் பார்வையில் சாதனம் போய்த் திரும்பி வருகிறது. "புரோகிராமில் பிழை" என்று எண்ணி நிரலை வரிவரியாகத் தேடுவார்கள். பம்புக்குத் தனி மின்கலமும் நடுவே ஒரு டிரான்சிஸ்டரோ ரிலேயோ கொடுத்து, இரண்டு தரைகளையும் இணைத்துவிட்டால் நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் வேலை நடக்கும்.

ஈஎஸ்பி 32க்கு வெளியே பம்ப் கூடத் தேவையில்லை. அதன் வைஃபை பேசத் தொடங்கும்போதே மின்தேவை திடீரென்று ஏறும். 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய மின்வழங்கி வேண்டும் என்று அதைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனமே பரிந்துரைக்கிறது. இரண்டு மீட்டர் நீளமான மெல்லிய கேபிளை எடுத்துக்கொள்வோம். 28 கேஜ் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். போகவும் வரவும் நான்கு மீட்டர், அதாவது 0.85 ஓம் அளவு. 400 மில்லிஆம்பியரில் 0.34 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. கணினி தந்தது 4.75 வோல்ட் என்றால் போர்டுக்குக் கிடைப்பது 4.4. பல போர்டுகளில் வழியில் ஒரு டயோடு இருக்கும்; அது இன்னும் 0.3 வோல்ட் அளவு விழுங்கும். மீதி 4.1. மலிவுப் போர்டுகளில் இருக்கும் 1117 வகை ரெகுலேட்டர் 3.3 வோல்ட் தருவதற்கு ஏறத்தாழ 4.4 வோல்ட் வேண்டும். கணக்கு உதைக்கிறது. 'பிரவுன்அவுட்' (வோல்ட்டேஜ் போதவில்லை) என்ற செய்தியுடன் போர்டு திரும்பத் திரும்ப மீளத் தொடங்குவது இதனால்தான். மருந்து எளியது: அரை மீட்டருக்கு மேற்படாத தடித்த கேபிள், நடுவில் ஒரு சாக்கெட்டைப் பலவாக்கும் ஹப் வேண்டாம்.

சத்தம் வருகிறது, ஆனால் விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் அடையாளம் நிற்கிறது. இங்கே பிழை இலக்கத்தைப் படியுங்கள், அதில் விஷயம் இருக்கிறது. 43 என்றால், விவரத் தாளைக் கேட்டும் சாதனம் புரியும்படி பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் கேபிள், மின்சாரம், அல்லது பழுதான சில்லு. 28 என்றால் சாதனம் தன்னை ஒழுங்காக அறிமுகம் செய்துவிட்டது, டிரைவர்தான் இல்லை. டிரைவரைத் தேட வேண்டிய இடம் இது ஒன்றுதான். 43ஐ வைத்துக்கொண்டு டிரைவர் தேடுவது வீண்.

எந்த டிரைவர் என்பது போர்டின் பெயரைப் பார்த்துத் தெரியாது. இத்தாலிய ஊனோ மூன்றாம் பதிப்பில் யூஎஸ்பியைக் கவனிப்பது ஏடிமெகா 16யூ2 என்ற சில்லு. அதன் தயாரிப்பாளர் எண் 2341. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்தோ சீனத்திலிருந்து தபாலிலோ வரும் மலிவான ஊனோ, நானோ போர்டுகளில் அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் சிஎச் 340. ஈஎஸ்பி 32 போர்டுகளில் இதுவோ சிபி 2102ஓ இருக்கும். யூஎஸ்பி சாக்கெட்டுக்கு அருகிலுள்ள சில்லின் மேல் எழுத்து பொறித்திருக்கும். கைபேசிக் கமெராவால் பெரிதாக்கிப் படிக்கலாம். சிஎச் 340ஐ 'போலி' என்று ஒதுக்குவோர் உண்டு. அது நியாயமில்லை. அது வேறொரு நிறுவனம் தன் சொந்தப் பெயரில் செய்து விற்கும் மலிவான சில்லு, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

போலி என்ற சொல்லுக்கு வேறு வரலாறு இருக்கிறது. ஸ்கொட்லாந்து நிறுவனமான எஃப்டிடிஐயின் 232 சில்லு ஒருகாலத்தில் எங்கும் நிறைந்திருந்தது. அதன் பெயரையே பொறித்துப் போலிகளும் சந்தைக்கு வந்தன. 2014இல் விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகப் பரவிய அந்நிறுவனத்தின் டிரைவர், போலிச் சில்லைக் கண்டால் அதன் பொருள் எண்ணைப் பூச்சியமாக மாற்றி எழுதிவிட்டது. நேற்றுவரை வேலை செய்த போர்டு இன்று எந்தக் கணினிக்கும் தெரியவில்லை. சத்தமான எதிர்ப்புக்குப் பின் அந்த டிரைவர் மீளப் பெறப்பட்டது. தன் வணிகப் பெயரைக் காக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அடி விழுந்தது போலியைச் செய்தவனுக்கு அல்ல, தெரியாமல் வாங்கியவனுக்கு. அதன் பிறகுதான் பலர் சிஎச் 340 பக்கம் சாய்ந்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

"வீட்டில் வேலை செய்தது, பாடசாலையில் வேலை செய்யவில்லை" என்ற முறைப்பாட்டுக்கும் காரணம் இந்தக் கட்டத்தில்தான். விண்டோஸ் 10, 11 இரண்டும் இணையம் இருந்தால் சிஎச் 340க்கான டிரைவரைத் தாமே இறக்கிக்கொள்ளும். இணையம் இல்லாத ஆய்வுகூடக் கணினிக்கு அந்த வசதி இல்லை. விண்டோஸ் 7 என்றால் அசல் ஊனோவுக்குக் கூடக் கையால் நிறுவ வேண்டும், அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். கண்காட்சிக்கு முதல்நாள் டிரைவரைப் பென்டிரைவில் எடுத்துவைப்பது நல்லது. இன்னொன்று: பொதுவாகப் புழங்கும் சிஎச் 340 சில்லுகளில் தனித்துவத் தொடரெண் இல்லை. அதனால் வேறு சாக்கெட்டில் செருகினால் காம் எண்ணும் மாறும். நேற்றுத் தெரிவுசெய்த காம் 5ஐ இன்றும் நம்பியிருந்தால் பதிவேற்றம் தோற்கத்தான் செய்யும்.

லினக்ஸில் டிரைவர் பிரச்சினை அநேகமாக இல்லை, அனுமதிப் பிரச்சினை உண்டு. உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். உபுண்டு 22.04இல் ஒரு வேடிக்கை: பார்வையற்றோருக்கான பிரெயில் திரைகளைக் கவனிக்கும் நிரல், சிஎச் 340இன் எண்களைக் கண்டதும் அதைப் பிரெயில் திரை என்று நினைத்து அபகரித்துக்கொள்ளும். அந்த வகைத் திரை ஒன்றில் இருப்பதும் இதே சில்லுதான். போர்டு ஒரு கணம் தோன்றி மறையும். பிரெயில் திரை பயன்படுத்தாதவர் அந்த நிரலை நீக்கிவிடலாம்.

காம் எண் வந்துவிட்டது, பதிவேற்றத்தின்போது 'நாட் இன் சிங்க்' என்று சிவப்பு வரிகள் பத்துமுறை ஓடுகின்றன. இதற்கும் யூஎஸ்பிக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. பதிவேற்றம் தொடங்கும்போது யூஎஸ்பி சில்லு 0.1 மைக்ரோஃபரட் கொள்ளளவி ஒன்றின் வழியாகப் பிரதான சில்லின் ரீசெட் முனையைத் தட்டிவிடும். எழுந்த சில்லில் இருக்கும் சிறிய பூட்லோடர் சிறிது நேரம் மட்டுமே புதிய நிரலுக்காகக் காத்திருக்கும். அந்த இடைவெளிக்குள் இருவரும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். நானோவில் இது அடிக்கடி தவறும். 2018 முதல் அசல் நானோக்கள் புதிய பூட்லோடருடன் வருகின்றன, அதன் வேகம் 115200; பல மலிவு நானோக்களில் பழையதே இருக்கிறது, அதன் வேகம் 57600. மெனுவில் 'ஓல்ட் பூட்லோடர்' என்பதைத் தெரிவுசெய்தால் போதும். 0, 1 ஆகிய முனைகளில் புளூடூத் தொகுதி எதுவும் செருகியிருந்தால் பதிவேற்றம் முடியும்வரை அதைக் கழற்றுங்கள். கணினியும் அதுவும் ஒரே வாயால் பேச முடியாது. 'அணுகல் மறுக்கப்பட்டது' என்று வந்தால் வேறேதோ நிரல் அந்தக் காம் எண்ணைப் பிடித்துவைத்திருக்கிறது. திறந்து கிடக்கும் இன்னொரு சீரியல் மானிட்டரோ (போர்டோடு எழுத்துகளைப் பரிமாறும் சாளரம்) முப்பரிமாண அச்சுப்பொறி மென்பொருளோ என்று பாருங்கள்.

ஈஎஸ்பி 32இல் ரீசெட்டோடு பூட் முனையையும் சரியான நேரத்தில் தட்ட வேண்டும். இரண்டு டிரான்சிஸ்டர்கள் அதைச் செய்கின்றன, சில போர்டுகளில் நேரம் தவறுகிறது. 'கனெக்டிங்' என்று புள்ளிகள் ஓடும்போது பூட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வழி திறக்கும். 12ஆம் முனையில் இணைத்த சென்சார் அதை மேலே இழுத்துவைத்திருந்தாலும் போர்டு எழாது. எழும் கணத்தில் அந்த முனையைப் பார்த்துத்தான் சில்லு தன் நினைவகத்தின் வோல்ட்டேஜைத் தீர்மானிக்கிறது. லியனார்டோ, பிகோ போன்ற வேறு போர்டுகளில் தனி யூஎஸ்பி சில்லே கிடையாது. உங்கள் நிரல் தடுமாறினால் காம் எண்ணும் அதோடு மறையும். பயப்பட வேண்டாம்: லியனார்டோவில் ரீசெட்டைத் தட்டியதும் சுமார் எட்டு வினாடி பூட்லோடர் விழித்திருக்கும், பிகோவில் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால் அது பென்டிரைவ் போலத் திறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் ஊனோவில் ஒரு துண்டு வயரால் தீர்ப்பு வாங்கலாம். ரீசெட் முனையைத் தரையோடு இணைத்துப் பிரதான சில்லை உறங்கவிடுங்கள். 0, 1 முனைகளை ஒன்றோடொன்று இணையுங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து 'அ' என்று தட்டி அனுப்புங்கள். எழுத்து சரியாகத் திரும்பி வந்தால் கேபிள், சாக்கெட், டிரைவர், யூஎஸ்பி சில்லு எல்லாம் நலம். கோளாறு பிரதான சில்லிலோ பூட்லோடரிலோதான். காம் எண் தோன்றியும் எழுத்து திரும்பாவிட்டால் யூஎஸ்பி சில்லைச் சந்தேகிக்கலாம்.

யூஎஸ்பி சில்லே போய்விட்டதென்றாலும் போர்டை எறிந்துவிட வேண்டியதில்லை. விளக்கு எரிந்து, 5 வோல்ட் முனையில் மல்டிமீட்டர் 5க்கு அருகில் காட்டி, எந்தச் சில்லும் விரல் வைக்க முடியாதபடி சுடாமல் இருந்தால் பிரதான சில்லு பெரும்பாலும் பிழைத்திருக்கும். யூஎஸ்பி – சீரியல் மாற்றி ஒன்றை 0, 1, தரை, ரீசெட் முனைகளில் இணைத்துப் பழையபடி பதிவேற்றலாம். மாற்றியின் அனுப்பும் முனை போர்டின் 0க்கும், வாங்கும் முனை 1க்கும் போக வேண்டும், ரீசெட்டுக்குப் போகும் வயரில் 0.1 மைக்ரோஃபரட் கொள்ளளவி ஒன்று இருக்க வேண்டும். நீளமான கால்களுடைய சில்லு பொருத்திய ஊனோ என்றால் அதைத் தட்டையான திருப்புளியால் இரு பக்கமும் மெதுவாக நெம்பி எடுத்து, நண்பரின் ஊனோவில் வைத்து நிரலை ஏற்றிவிட்டுத் திரும்பவும் பொருத்தலாம். சில்லின் ஓரத்திலுள்ள அரைவட்டக் குறி சாக்கெட்டின் குறியோடு ஒரே திசையில் இருக்கிறதா என்று மட்டும் மின்சாரம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.